மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நடுவில்

2001 ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மாலை. ஸ்காபரோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நான் இரவு வேலை செய்துகொண்டிருந்த காலம். எம்மவர் ஒருவர், அறுபது வயதிருக்கும், தண்ணீர் வாங்கிய பிளாஸ்ரிக் கலன் ஒன்றுடன் உள்ளே வந்தார். புல்லு வெட்டுகிற மெசினுக்கு இரண்டு லீற்றர் பெற்றோல் வேண்டும் என்றார்.

"இதில அடிக்கேலாது அண்ணை. சிவப்புக் கான் வேணும். அதுதான் இஞ்ச சட்டம்."

"என்ன தம்பி கதைக்கிறீர்? ஊரில நாங்கள் சோடாப் போத்தலிலதானே வாங்கினனாங்கள்? அப்ப ஒருத்தரும் எரிஞ்சு போகேல்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கோபத்தோடு வெறுங்கலனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதன் முதற் பாதி சரி. போத்தலில்தான் வாங்கினோம். இரண்டாம் பாதி பிழை. அது பிழை என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், மண்ணெண்ணெய் ஒரு நிறக் கானிலும் பெற்றோல் இன்னொரு நிறக் கானிலும் இருக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அது ஏதோ வெள்ளைக்காரர் தங்கள் சுத்தபத்தத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

*

மண்ணெண்ணெயின் கதையில் ஒரு பகுதி நாங்கள் இப்போது வாழும் இந்தக் கனடாவிலேயே தொடங்குகிறது. நோவா ஸ்கோசியாவைச் சேர்ந்த மருத்துவரும் மண்ணியல் அறிஞருமான ஏபிரகாம் கெஸ்னர் 1846 இல் நிலக்கரியிலிருந்து வடித்த ஓர் எண்ணெயை விளக்கில் எரித்துக் காட்டினார். மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கெரசின் என்று பெயரிட்டார். 1858 இல் ஒன்ராறியோவின் ஓயில் ஸ்பிறிங்ஸ் என்ற இடத்திலும், 1859 இல் பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில்லிலும் நிலத்தடி எண்ணெய் எடுக்கப்பட்ட பிறகு, அதே விளக்கெண்ணெயை இன்னும் மலிவாக வடிக்க முடிந்தது. திமிங்கில எண்ணெய் வாங்க வசதியில்லாதவர்களின் வீட்டிலும் இரவில் வெளிச்சம் வந்தது.

மசகெண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது முதலில் வருவது மண்ணெண்ணெய் அல்ல. அதைவிட இலேசான, நாங்கள் இன்று பெற்றோல் என்று சொல்லும் வகையைச் சேர்ந்த திரவங்களே முதலில் வரும். அந்தக் காலத்தில் மோட்டார் வண்டி கிடையாது. ஆகவே பெற்றோலுக்குப் பெறுமதியும் கிடையாது. வடிசாலைக்காரர்கள் அதை ஆற்றில் கொட்டினார்கள். வேறு சிலர் அதைவிட இலாபமான வழியொன்றைக் கண்டார்கள். மண்ணெண்ணெயோடு கலந்து விற்றார்கள். வாங்குகிற ஏழைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கொண்டுபோய் விளக்கில் ஊற்றிக் கொளுத்திய பிறகுதான் வித்தியாசம் விளங்கும்.

அந்த வித்தியாசம் என்ன? எரியும் திரவம் எதுவும் திரவமாக எரிவதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதை எட்டும்வரை, நெருப்புக்குச்சியைக் கிட்டப் பிடித்தாலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழாது. இதைத் தீப்பற்றுநிலை என்று வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகை செல்சியசுக்கு மேல். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை. கனடாவின் மாரிக் குளிரிலும் பெற்றோல் ஆவியை விட்டுக்கொண்டேயிருக்கும். யாழ்ப்பாணத்து வீட்டின் அறைச் சூட்டில் மண்ணெண்ணெய் சும்மா கிடக்கும். திரியில் ஊறி மேலேறி, சுடரின் சூட்டில் ஆவியானால்தான் அது எரியும். மண்ணெண்ணெய் விளக்கு என்ற பொருளே இந்த வித்தியாசத்தை நம்பிச் செய்யப்பட்டது. அதில் பெற்றோல் சிறிதளவு கலந்தாலும் தீப்பற்றுநிலை சட்டென்று கீழே இறங்கிவிடும். அதன் பிறகு விளக்கின் வயிற்றுக்குள் இருப்பது எண்ணெய் மட்டுமல்ல, பற்றக் காத்திருக்கும் ஆவியும்தான்.

இந்த ஆவிக்கு இன்னொரு குணமும் உண்டு. பெற்றோலின் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி நிலத்தோடு படர்ந்து, பள்ளத்தைப் பார்த்து ஓடும். நெருப்பு அடுத்த அறையில் இருந்தாலும் அங்கே போய்ப் பற்றி, வந்த வழியாலேயே திரும்பி வரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே அதற்குப் போதும்.

*

1860களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விளக்கு வெடித்து எரிந்தவர்களில் பெரும்பாலோர் மலிவான எண்ணெயைத் தேடி வாங்கிய ஏழைகள். நியூயோர்க் நகரச் சுகாதார சபையின் இரசாயனவியலாளராக இருந்த சார்ள்ஸ் சான்ட்லர் கடைகளில் விற்ற மண்ணெண்ணெயை வாங்கிச் சோதித்து, பெரும்பாலானவை பாதுகாப்பற்றவை என்று அறிக்கை செய்தார். குற்றம் விளக்கேற்றிய பெண்ணின் கவனக்குறைவில் இல்லை, விற்ற திரவத்தில் இருக்கிறது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது அப்படித்தான்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1862 இல் முதலாவது பெற்றோலியச் சட்டத்தை இயற்றியது. 100 பாகை பரனைற்றுக்குக் கீழே எரியும் ஆவியை விடும் எண்ணெயை ஆபத்தானது என்று வகுத்து, அதை வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. 1871 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியான எண்ணெய் உள்ள பாத்திரத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் சோதனையில் ஓட்டை இருந்தது. திறந்த கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கிப் பார்த்தார்கள். எழுகிற ஆவி காற்றோடு போய்விடும், எண்ணெயும் தேறிவிடும். விளக்கின் வயிறோ மூடிய பாத்திரம். போர்த் திணைக்களத்தின் இரசாயனவியலாளர் பிரெட்றிக் ஏபல் மூடிய கிண்ணத்தில் சோதிக்கும் கருவியைச் செய்தார். 1879 இல் அது சட்டமாகியது. எல்லை 73 பாகை பரனைற், அதாவது சுமார் 23 பாகை செல்சியஸ் என்று குறிக்கப்பட்டது. ஆவி எங்கே தேங்குகிறதோ அங்கேதான் அளக்க வேண்டும் என்ற இந்தச் சிறிய விசயத்தைக் கண்டுபிடிக்கப் பதினேழு ஆண்டுகள் சென்றன.

அதற்கிடையில் லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1874 ஒக்டோபர் 2 அதிகாலை, றீஜன்ற்ஸ் கால்வாயில் ரில்பெரி என்ற சரக்குப் படகு சுமார் ஐந்து தொன் வெடிமருந்தையும், கூடவே சில பீப்பா பெற்றோலியத்தையும் ஏற்றிக்கொண்டு போனது. மக்கிள்ஸ்பீல்ட் பாலத்தின் கீழ் அது வெடித்தது. படகிலிருந்த மூவரும் இறந்தார்கள். பாலம் தகர்ந்தது. பீப்பாவிலிருந்து கசிந்த ஆவி படகின் அறையிலிருந்த நெருப்பைத் தேடிப் போனதுதான் காரணம். வெடிமருந்துக்குப் பயந்தவர்கள் ஆவிக்குப் பயப்படவில்லை. அடுத்த ஆண்டே வெடிபொருட் சட்டம் வந்தது. றீஜன்ற்ஸ் பூங்காப் பக்கம் நடக்கிற லண்டன் வாசகர்கள் அந்தப் பாலத்தைப் பார்க்கலாம். பழைய இரும்புத் தூண்களையே திருப்பி நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள்.

சிக்காகோ நகரம் எரிந்த கதையும் அந்தக் காலத்ததே. 1871 ஒக்டோபர் 8 இரவு தொடங்கிய அந்தத் தீயில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். ஓர் இலட்சம் பேர் வீடிழந்தார்கள். கதரின் ஓலீரி என்ற ஐரிஷ் குடியேறிப் பெண்ணின் மாட்டுக்கொட்டிலில் தீ தொடங்கியது. பால் கறக்கும்போது மாடு மண்ணெண்ணெய் விளக்கை உதைத்து விழுத்தியது என்று பத்திரிகைகள் எழுதின. தான் அப்போது படுக்கையில் இருந்ததாக அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. 1997 இல்தான் சிக்காகோ நகரசபை அவரையும் மாட்டையும் குற்றத்திலிருந்து விடுவித்தது. வந்தேறியின் வீட்டில் தீப்பிடித்தால் ஊர் எப்படிப் பேசும் என்பதை நாங்கள் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

*

எமது பக்கத்துக்கு மண்ணெண்ணெய் தகரங்களில் வந்தது. ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு தகரம் என்று கப்பலில் ஏற்றி ஆசியாவெங்கும் அனுப்பினார்கள். 1892 இல் மார்க்கஸ் சாமுவேலின் மியூரெக்ஸ் என்ற தாங்கிக் கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெயை ஏற்றிக்கொண்டு சுயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. தீக்குப் பயந்து அதுவரை அந்தக் கால்வாய் எண்ணெய்த் தாங்கிகளை விட்டதில்லை. வெறுமையான தகரங்கள் ஆசிய வீடுகளில் வாளியாகவும் கூரையாகவும் மாறின.

அதற்கு முன் எமது வீடுகளில் எரிந்தவை தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும். தாவர எண்ணெயின் தீப்பற்றுநிலை 200 பாகைக்கும் மேலே. தேங்காயெண்ணெய் விளக்குத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் அணைந்துபோகும். தலைமுறை தலைமுறையாக அந்த எண்ணெயோடு பழகிய கை எங்களுடையது. அதே கையில் அரிக்கன் லாம்பும் குப்பி விளக்கும் வந்தன. சட்டம் பெரும்பாலும் துறைமுகத்திலும் களஞ்சியத்திலும் நின்றுவிட்டது. குசினிக்குள் வந்தது போத்தல் மட்டுந்தான். சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று குடித்த பிள்ளைகள் இல்லாத ஊர் உண்டா? வாந்தி எடுக்கப்பண்ணினால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுவே ஆபத்து. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். ஒன்றும் கொடாமல், வாந்தி எடுக்கப்பண்ணாமல், உடனே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதே வழி.

1990 ஆனியில் மீண்டும் போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் சங்கக் கடையில் அளந்து தரும் பொருளாகியது. அதற்குப் பிறகு நடந்தவை எங்களுக்கெல்லாம் பெருமையான கதைகள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் பண்ண மாத்திரம் காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல். அந்தச் சில சொட்டுக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் போத்தல். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தை நாங்கள் எழுதியதில்லை. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நடுவில், எத்தனையோ பேர் எரிந்து கீறப்பட்ட கோடு ஒன்றிருந்தது. பொருளாதாரத் தடை அந்தக் கோட்டை எங்கள் வீட்டுத் தட்டுகளில் அழித்துவிட்டது.

எங்கள் வீட்டில் அது அழிந்தது 1993 இல். என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பெற்றோல் கனநாள் வரவேண்டும் என்று அதோடு மண்ணெண்ணெய் கலந்து, மண்ணிறமான மருந்துப் போத்தலொன்றில் விட்டு, குசினித் தட்டில் வைத்தேன். விளக்குக்கு எண்ணெய் இருந்ததும் அதே மாதிரிப் போத்தல்தான். இரண்டிலும் மண்ணெண்ணெய் மணம். அன்றிரவு அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டா. இருட்டென்றபடியால் மற்ற விளக்கைக் கிட்டக் கொளுத்தி வைத்துக்கொண்டு விட்டா. நான் முற்றத்தில் நின்றேன். ஒரு ஊதல் மாதிரிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது மேசை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி ஒரு வாளி தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். எரிகிற எண்ணெய் தண்ணீருக்குமேல் மிதந்து நிலமெல்லாம் ஓடியது. அயலட்டை அண்ணை ஒருவர் ஈரச்சாக்கோடு வந்திராவிட்டால் வீடு மிஞ்சியிராது.

அம்மாவின் வலது கை முழங்கைவரை வெந்தது. வைத்தியசாலையில் மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "விளக்கு வெடிச்சுப் போச்சு ஐயா" என்றா அம்மா. போத்தலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் போத்தலை அங்கே வைத்தவன் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். சான்ட்லரைப் பற்றி வாசித்த நாளில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மாவின் அந்த வசனந்தான். உலகத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள். விளக்கு தானாக வெடிப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னை ஏசவில்லை. இடது கையால் பழைய சிவப்புச் சீலையொன்றைக் கிழித்துத் தரச்சொல்லி, பெற்றோல் போத்தலின் கழுத்தில் என்னைக்கொண்டு கட்டுவித்தா. பிறகு அதை வெளிக்கொட்டிலில் வைக்கச் சொன்னா. அவ்வளவுதான்.

*

அதே 1990களில் கொழும்பில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை மருத்துவர், குப்பி விளக்கு விழுந்து எரிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, விழுந்தாலும் கேடு செய்யாத விளக்கொன்றைச் செய்ய முனைந்தார். மார்மைற் போத்தலின் கட்டையான வடிவம் அவருக்கு வழிகாட்டியது. தடித்த கண்ணாடி, அதனால் இலகுவில் உடையாது. இரண்டு பக்கம் தட்டை, அதனால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி, அதனால் எண்ணெய் கொட்டாது. சுதீப என்று பெயரிட்ட அந்த விளக்குக்கு 1998 இல் றோலெக்ஸ் விருது கிடைத்தது.

அதை வாசித்தபோது எமது ஜாம் போத்தல் விளக்கை நினைத்துக்கொண்டேன். எண்ணெய் பஞ்சுக்குள் ஊறியிருந்தபடியால் அதுவும் விழுந்தாலும் அவ்வளவாகக் கொட்டாது. நாங்கள் பாதுகாப்பை நினைத்துச் செய்யவில்லை. எண்ணெய் இல்லாதபடியால் செய்தோம். ஒரே தீவில் ஒருவர் நோயாளிக்காகச் சிந்தித்து வந்து சேர்ந்த இடத்துக்கு, இன்னொரு பகுதி மக்கள் பஞ்சத்தின் வழியால் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அந்த விளக்கும் மண்ணெண்ணெய்க்குத்தான். போத்தல் மாறினால் எந்த விளக்கும் காப்பாற்றாது.

*

இங்கே எங்களில் பலர் முதலில் குடியிருந்தது நிலக்கீழ் அறைகளில். பெற்றோல் ஆவி பள்ளம் தேடும் என்று சொன்னேன். வீட்டில் ஆகப் பள்ளமான இடம் அந்த அறைதான். பல வீடுகளில் சுடுதண்ணீர்த் தாங்கியின் கீழே நிலமட்டத்தில் ஒரு சிறு சுடர் இரவும் பகலும் எரிவதும் அங்கேதான். புல்லு வெட்டும் மெசினையும் பெற்றோல் கானையும் மாரிக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே இறக்கி வைப்பவர்கள், றீஜன்ற்ஸ் கால்வாய்ப் படகையே வீட்டுக்குள் கட்டி வைக்கிறார்கள். அதன் இடம் வீட்டோடு ஒட்டாத வெளிக்கொட்டில். தேவையான அளவு மட்டும், மூடி இறுக்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். கானை நிரப்பும்போது காரின் டிக்கிக்குள் வைத்து அடிக்கக் கூடாது. விரிப்பில் உராய்ந்து வரும் நிலைமின் பொறி ஒன்றே போதும். நிலத்தில் வைத்து, ஆவி விரிய மேலே கொஞ்சம் இடம் விட்டு அடிக்க வேண்டும். வெறுங்கான் வெறுமையானதல்ல. அதற்குள் நிறைந்திருப்பது ஆவி.

வேலைத்தலங்களிலும் இதே கதைதான். கராஜில் பெற்றோல், பெயின்ற் வேலையில் தின்னர், நகம் பூசும் கடையில் அசற்றோன். அசற்றோனின் தீப்பற்றுநிலையும் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 20 பாகை. 1988 முதல் கனடாவில் ஒவ்வொரு வேலைத்தலத்திலும் இப்படியான திரவங்களுக்குச் சீட்டு ஒட்டி, அது என்ன என்று வேலையாளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஒழுங்கு இருக்கிறது. அதை அறியும் உரிமை என்கிறார்கள். எங்களவர்கள் பலர் ஆங்கிலம் விளங்காமல், கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், படித்தேன் என்று கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் முதல் வேலையில் அப்படித்தான் வைத்தேன். அந்தச் சீட்டிலுள்ள சுடரின் படம் 1871 இல் தொடங்கிய கதையின் தொடர்ச்சி என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்று கோபித்துப் போன ஐயா மூன்றாம் நாள் திரும்ப வந்தார். கையில் புதிய சிவப்புக் கான். வட அமெரிக்காவில் பெற்றோலுக்குச் சிவப்பு, மண்ணெண்ணெய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள் என்பது வழக்கம்.

"மகள் வாங்கித் தந்தவள். அதென்ன தம்பி, சிவப்பெண்டுதான் இருக்கவேணுமோ?"

அம்மா காலமாகி அப்போது இரண்டு வருடம். பம்படியில் கானை நிலத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சிவப்புச் சீலைத் துண்டின் கதையை அவருக்குச் சொன்னேன். அதுவரை நான் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கானின் மூடியை இறுக்கித் திருகி, இன்னொருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, "இதை வீட்டில எங்க தம்பி வைக்கிறது?" என்று கேட்டார்.